கொம்பும் கொடியும்

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழ்பவர்க்குக் 'கட்சி' என்பது பாராளுமன்றம் கொண்டுவந்து கொடுத்த சொல் அன்று. சர்வசன வாக்குரிமை இலங்கைக்கு வந்தது 1931-இல். அதற்குப் பல தலைமுறைகள் முன்னரே எம் ஊர்கள் வடசேரி, தென்சேரி என இரு கட்சிகளாகப் பிரிந்து நின்று கொம்பு முறித்து வந்தன. அந்த விளையாட்டை அறியாத வாசகர்க்காகச் சில சொற்கள் கூறுதல் தகும்.

கோவலனும் கண்ணகியும் பூப்பறிக்கச் சென்றவிடத்து இருவருடைய துரட்டிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டனவாம். அக்கதையை நினைவில் வைத்து, கோவலன் பக்கம் வடசேரி என்றும் கண்ணகி பக்கம் தென்சேரி என்றும் ஊரவர் பிரிந்து நிற்பர். வைரம் பாய்ந்த மரத்தில் வளைவாக வெட்டியெடுத்த இரண்டு கொம்புகளைக் கோத்து, வடம் பூட்டி, இரு சேரியாரும் இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றவர் ஆடிப் பாடி வருவர். தோற்றவரைப் பழித்துப் பாட்டுக் கட்டுவர். மழை பொய்த்தாலும் கொள்ளை நோய் கண்டாலும் அம்மனின் சினம் தணிய இந்த விளையாட்டை ஆடினர். சிங்கள ஊர்களில் பத்தினித் தெய்வத்தின் பெயரால் ஆடப்பெறும் 'அங் கெலிய' இதற்கு உடன்பிறப்பு. அங்கும் உடுபில, யடிபில என இரு கட்சிகள் உண்டு. மொழியால் பிரிந்த இரு மக்களும் ஒரே விதமாகக் கட்சி கட்டியிருக்கிறார்கள்!

எம் தந்தையார் தென்சேரியார்; ஆகவே நாமும் தென்சேரியார். அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை. எம்மை யாரும் கேட்டதில்லை, நாமும் யோசித்ததில்லை. எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்து, இன்று அதே பாடசாலையில் எம்முடன் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் வடசேரியார். கொம்பு முறிப்பது அருகிவிட்ட இக்காலத்திலும் எம்மிருவருக்குமிடையே அந்தக் கொம்பு முறியாமலே இருந்து வருகிறது. அவர் ஒன்றைச் சிறந்தது என்றால், நாம் அதில் குறை காண்போம். அவர் கோப்பி குடித்தால் நாம் தேநீர் குடிப்போம். மாணவர்கள்கூட இதை அறிந்து தமக்குள் சிரித்துக்கொள்வர்.

2023-ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி இந்தியாவில் தொடங்கியபோது இந்தப் பழைய பகை ஒரு புதிய வடிவம் எடுத்தது. ஆசிரியர் ஓய்வறையில் ஒரு நாற்பது பக்கக் கொப்பியைத் திறந்து, நாமிருவரும் ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்தோம். எந்த நாட்டு வீரரையும் சேர்க்கலாம், பதினொருவர்தாம் கணக்கு. அவர்கள் மெய்யான ஆட்டத்தில் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு புள்ளி. வீழ்த்தும் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் இருபது புள்ளி. இந்த விளையாட்டு எம் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் டேனியல் ஓக்ரென்ற் என்னும் எழுத்தாளரும் நண்பர்களும் 1980-இல் பேஸ்போல் ஆட்டத்தை வைத்து இதற்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் 260 டொலர் இருப்பதாக வைத்துக்கொண்டு, மெய்யான ஆட்டக்காரரைக் கற்பனையில் ஏலம் எடுத்தார்கள். அவர்கள் கூடிய நியூயோர்க் உணவுச்சாலையின் பெயரால் அது 'ரொட்டிஸரி' ஆட்டம் எனப்பட்டது. இன்று அது உலகெங்கும் பெருவணிகம். பலரின் கைப்பணத்தைக் கரைக்கும் சூதாகவும் அது மாறியுள்ளது. எம் கொப்பியில் பணம் இல்லை. தோற்றவர் தவணை முடிவில் அனைவர்க்கும் தேநீர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதே பந்தயம்.

நாம் சேர்த்த பதினொருவருள் எழுவர் இலங்கையர். பற்று என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்! நண்பரோ முந்திய மூன்று ஆண்டுக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு பேனையைக் கடித்தபடி இருந்தார். இந்தியாவின் மொஹமட் ஷமியைச் சேர்த்தார். முதல் நான்கு ஆட்டங்களிலும் ஷமி களத்தில் இறங்கவேயில்லை; நாம் வாய்விட்டு நகைத்தோம். நவம்பர் 2-ஆம் திகதி மும்பையில் இலங்கை அணி இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அன்று 18 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஷமி. போட்டி முடிவில் ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட்டுகள் பெற்று எல்லாருக்கும் முன்னின்றவரும் அவரே.

அதைக்கூட நாம் பொறுத்திருப்போம். இலங்கைக்காக அப்போட்டியில் 21 விக்கெட்டுகள் எடுத்தவர் டில்ஷான் மதுஷங்க. அவர் எம் எழுவருள் இல்லை! பெயர் பெற்றவர்களை எல்லாம் அள்ளிக்கொண்ட எமது பற்று, அந்த இளைஞரைக் காணவில்லை. நண்பர் கண்டார், தம் அணியில் சேர்த்துக்கொண்டார்.

"மறுகா என்ன மச்சான், உன்ர ஆளையும் நான்தானே கண்டுபிடிக்க வேண்டிக் கிடக்கு" என்று கூறித் தேநீரை உறிஞ்சினார்.

எம் காசில் வாங்கிய அந்தத் தேநீரின் சூட்டைவிட அச்சொல்லின் சூடு அதிகம். பற்று எதிராளியின் திறமையை மறைக்கும் என்பது எல்லாரும் அறிந்தது. அது நம் பக்கத்திலுள்ள நல்லவனையும் மறைத்துவிடும் என்பதை நாம் அன்றுதான் கற்றோம். ஆனால் கற்றதை ஓர் ஆண்டுகூட நினைவில் வைத்திருக்கவில்லை.

2024-இல் இரண்டு தேர்தல்கள் அடுத்தடுத்து வந்தன: செப்டெம்பர் 21-இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14-இல் பாராளுமன்றத் தேர்தல். விளம்பரம் எங்கும் வெள்ளமெனப் பாய்ந்தது. தேர்தற் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2023-இல்தான் இந்நாட்டில் இயற்றப்பட்டது. அதன்படி ஜனாதிபதி வேட்பாளர் ஒருவர் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா வீதம் செலவிடலாம் என்று வரம்பு கட்டினார்கள். கடையில் ஒரு பால்தேநீர் குடிக்கும் காசு! ஆயினும் நாட்டின் ஒரு கோடியே எழுபத்தொரு இலட்சம் வாக்காளரையும் கொண்டு பெருக்கினால், ஒரு வேட்பாளருக்கு ஏறக்குறைய 187 கோடி ரூபா வருகிறது. இது வரம்பு! கூலிக்கு வயல் விதைப்பவரும் வாவியில் வலை வீசுபவரும் தம்முள் ஒருவரை நிறுத்தினால், அவர் இந்த வரம்பின் நூறில் ஒரு பங்கையேனும் எங்கே தேடுவார்?

பாராளுமன்றத் தேர்தலிலோ காட்சி வேறு. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஆசனங்கள் ஐந்து. ஆகவே ஒரு பட்டியலில் எட்டு வேட்பாளர். வாக்காளர் கட்சிக்கு வாக்களித்த பின் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கலாம். 1989-இல் நடைமுறைக்கு வந்த இம்முறை, ஒரே கட்சிக்குள்ளும் கொம்பு கோத்துவிட்டது. எட்டுப் பேரும் ஒரே சின்னத்தின் கீழ்க் கைகூப்பி நின்று, ஒருவர் இலக்கத்தை மற்றவர் மறைத்து ஒட்டுவர். 1981-ஆம் ஆண்டின் தேர்தற் சட்டம் தேர்தற் காலத்தில் பொதுவிடங்களிற் சுவரொட்டி ஒட்டுவதைத் தடுக்கிறது. ஆதலால் இரவில் ஒட்டுகிறார்கள். பொலிசார் ஆள் வைத்துப் பகலில் உரிக்கிறார்கள். பசை வாளியோடு இரவில் போகிறவனும் சுரண்டுதகட்டோடு காலையில் வருகிறவனும் அன்றாடக் கூலிகளே. சுவரில் சிரிக்கும் முகத்துக்கு அவ்விருவருள் ஒருவருடைய பெயரும் தெரியாது.

விளம்பரம் எதை விற்கிறது என்று சிந்தித்துப் பாருங்கள். கொள்கையையா? கொள்கை நான்கு பக்கம் வரும். அதை யார் படிப்பது? 1952-இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஐசன்ஹோவருக்காகத் தொலைக்காட்சியில் சின்னஞ்சிறு விளம்பரங்களை ஆக்கியவர் ரொஸர் ரீவ்ஸ். அனாசின் என்னும் தலைவலி மாத்திரைக்கு விளம்பரம் எழுதிப் புகழ் பெற்றவரும் அவரே. மாத்திரைக்கும் ஜனாதிபதிக்கும் ஒரே விற்பனை முறை! 1964 செப்டெம்பர் 7-இல் ஜோன்சன் தரப்பு வெளியிட்ட விளம்பரத்தில் ஒரு சிறுமி பூவிதழ்களை எண்ணிப் பிய்க்கிறாள். எண்ணிக்கை முடிய அணுகுண்டு வெடிக்கிறது. எதிராளியான கோல்ட்வாட்டரின் பெயரே அதில் இல்லை. கட்டணம் கட்டி ஒரு முறைதான் ஒளிபரப்பினார்கள்; அச்சமோ நாடெங்கும் பரவியது. அங்கே விற்கப்பட்டது கொள்கை அன்று, நடுக்கம்.

எம் நாட்டிலும் முதற் பொதுத் தேர்தலே நிறத்தில்தான் தொடங்கியது. 1931-இல் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். அந்நிறம் பூசிய பெட்டியிலே வாக்குச் சீட்டைப் போட வேண்டும். எழுத்தறியா மக்களும் வாக்களிக்க அது நல்ல வழி; அதைக் குறை கூறோம். ஆனால் நிறம் அடையாளம் என்ற நிலை கடந்து பற்றாகவே ஆகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. கொன்ஸ்தாந்திநோபிள் நகரில் தேரோட்டப் போட்டியில் நீலக் கட்சி, பச்சைக் கட்சி என இருந்தன. 532-ஆம் ஆண்டு தேரோட்ட அரங்கிலே எழுந்த கலகம் ஊரை எரித்தது. முப்பதினாயிரம் பேர் மாண்டனர் என்று அக்காலத்தவரான புரொகோப்பியஸ் எழுதி வைத்தார். எம் ஊரிலும் 1977-ஐ முதியோர் மறக்கவில்லை. ஒரே அணியைச் சேர்ந்த இருவர், இராசதுரை உதயசூரியன் சின்னத்திலும் காசி ஆனந்தன் வீட்டுச் சின்னத்திலுமாக, மட்டக்களப்பிலே எதிரெதிர் நின்ற ஆண்டு அது.

இவ்வளவும் அறிந்திருந்த நாம் செய்ததைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

நாம் ஒரு கட்சியின் ஆதரவாளர். மாணவப் பருவத்திலே பசை வாளி தூக்கியவர். அந்தக் கட்சியின் பெயர் இங்கே வேண்டியதில்லை, குற்றம் எம்முடையது. எதிர்ப் பக்கத்து வேட்பாளர் ஒருவருடைய கூட்டத்துக்கு, வேடிக்கை பார்ப்பதற்காக நண்பருடன் சென்றிருந்தோம். நண்பர் அவருடைய ஆதரவாளர். வாவியில் தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையைப் பற்றி அவர் பேசினார். "அந்த வலையை வாவியிலிருந்து அகற்றத்தான் வேண்டும், ஆனால் ஏழை மீனவன் கையில் மாற்று வலையைக் கொடுத்த பின்னரே அகற்ற வேண்டும், கொடாமல் பறிக்க வருபவனை நான் விடேன்" என்பது அவர் சொன்னதன் சாரம். நியாயமான பேச்சு. எம் மனத்துக்குள் மெச்சியும் கொண்டோம்.

இரண்டு நாளில் எமது கைத்தொலைபேசிக்கு ஒரு காணொளி வந்தது. அதில் அவருடைய பேச்சு முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டது. "அகற்றத்தான் வேண்டும்!" அதன் கீழே எமது கட்சியின் சின்னமும் ஓர் ஆச்சரியக்குறியும். வெட்டியது பொய் என்பதை, மாவட்டத்தில் வேறு எவர் அறியாவிட்டாலும், நாம் அறிவோம். காதாரக் கேட்டவர் அல்லவா! ஆயினும் எம் விரல் நின்றதா? "வாவியை நம்பி வாழ்வோரே, கவனியுங்கள்" என்று ஒரு வரியும் சேர்த்து, எமது பழைய மாணவர் குழுவுக்கு அனுப்பி வைத்தோம். அனுப்பிய கணத்தில் எம் உள்ளத்தில் எழுந்தது குற்ற உணர்ச்சி அன்று. எதிராளியின் கொம்பு முறிவதைக் கேட்கும் தென்சேரியானின் மகிழ்ச்சி.

வாக்களிப்புக்கு ஆறு நாட்கள் இருந்தன. குருமண்வெளித் துறையில் மண்டூருக்குச் செல்லும் 'பாதை'யில் ஏறினோம். வாவியைக் கடக்கும் இந்த மிதவையை எம் பகுதியார் பாதை என்றே அழைப்பர். மாரி மேகம் படுவான்கரைப் பக்கம் கறுத்திருந்தது. எம்மிடம் சென்ற ஆண்டு உயர்தரம் படித்த மாணவன் ஒருவன் அருகில் வந்து நின்றான். முதன்முறையாக வாக்களிக்கப் போகிறவன். வாவியில் தொழில் செய்யும் ஒரு மீனவரின் மகன்.

"சேர், அந்த ஆள் அதோட நிப்பாட்டிட்டாரா? மிச்சம் ஒண்டும் சொல்லல்லையா?"

எந்த ஆள், எதை என்று நாம் கேட்கவில்லை.

"தேர்தல் காலத்தில் இப்படித்தான் தம்பி" என்றோம்.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னர் சொன்னான்: "நீங்க அனுப்பினதெண்டு நான் அப்பாக்குக் காட்டினன், சேர். மாமா அந்தப் பக்கத்துக்கு வேலை செய்யிறவர். ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. இப்ப ஒரு தோணியில போறல்ல."

பதினைந்து ஆண்டுகளாக ஒரே தோணியில் சென்ற மைத்துனர் இருவர். ஒருவர் தாங்குவதற்கு மற்றவர் வலை இடுவார். தோணி ஒருவருடையது, வலை மற்றவருடையது. எம்முடைய ஒரு விரலசைவு தோணியையும் வலையையும் பிரித்துவிட்டது. "நீங்க அனுப்பினதெண்டு" என்ற சொல்லே எம்மை அதிகம் சுட்டது. அவர்கள் நம்பியது காணொளியை அன்று, ஓர் ஆசிரியரை. எமது வாழ்நாளில் கரும்பலகை முன் நின்று சேர்த்த நம்பிக்கையை, யாரோ ஒரு விளம்பரக்காரனுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டோம்.

அன்றிரவு நண்பரிடம் சென்றோம். அவர் கோபிக்கவில்லை. எம்மோடு அக்கூட்டத்தில் இருந்தவர்; நாம் அனுப்பியதையும் கண்டிருந்தார். அந்த நாற்பது பக்கக் கொப்பியை எடுத்து, எம் எழுவர் பெயரும் உள்ள பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். வேறொன்றும் பேசவில்லை.

மறுநாள் அவர் தம் தொலைபேசியில் பதிந்து வைத்திருந்த முழுப் பேச்சையும் வாங்கி, அதே குழுவுக்கு அனுப்பினோம். "முன்னர் நாம் அனுப்பியது வெட்டப்பட்டது. அதை அறிந்தே அனுப்பினோம். தவறு எம்முடையது. எமது வாக்கு மாறவில்லை, ஆனால் அவர் சொன்னது இதுவே" என்று எழுதினோம். பின்னர் அம்மாணவனின் வீட்டுக்கு நேரில் சென்று அவன் தந்தையாரிடமும் அதையே சொன்னோம். அவர் திண்ணையில் பாய் விரித்து எம்மை இருத்தினார், முழுதும் கேட்டார். "படிச்ச நீங்களே இப்பிடிச் செய்தா நாங்க என்ன செய்யிற, சேர்?" என்று மட்டும் கேட்டார். எம்மிடம் விடை இல்லை.

எமது கட்சி நண்பர்கள் கொதித்தார்கள். எதிரிக்கு ஆயுதம் கொடுத்தீர் என்றார்கள். பெரிய பணக்காரர் எத்தனை பொய் பரப்புகிறார்கள், நாம் ஒன்று பரப்பினால் என்ன என்றும் கேட்டார்கள். அவர்களுக்கு அன்று கூறிய விடையை இங்கும் கூறுகிறோம். பொய் விலைக்கு வாங்கக்கூடிய பண்டம். 187 கோடி உள்ளவன் 187 கோடிக்கு வாங்குவான். உண்டியல் குலுக்கும் நாம் உண்டியலுக்கு ஏற்பத்தான் வாங்க முடியும். அந்தச் சந்தையில் உழைக்கும் மக்களின் கட்சி ஒருநாளும் வெல்லாது. பொருள் இல்லாதவனுக்கு இருக்கும் ஒரே முதல், அவன் சொன்னால் மெய்யாக இருக்கும் என்ற ஊராரின் எண்ணம். அதையும் செலவழித்துவிட்டு எதைக் கொண்டு இயக்கம் நடத்துவது? மேலும், வெட்டிய பேச்சைக் காட்டி ஒரு மீனவரின் வாக்கைப் பெறுபவன் அவரைச் சிந்திக்கும் மனிதராக மதிக்கவில்லை. தலைவலி மாத்திரை விற்பவன் தன் வாடிக்கையாளரை மதிக்கும் அளவே அவரை மதிக்கிறான்.

இதனால் கட்சியே வேண்டாம் என்று சொல்ல வந்தோமா? இல்லை. நடுநிலை என்னும் பெயரில் கைகட்டி நிற்பவரை நாம் போற்றவில்லை. சுரண்டுபவனுக்கும் சுரண்டப்படுபவனுக்கும் இடையே நடுவிடம் இல்லை. ஆனால் கொம்பு இழுப்பவனுக்குப் பக்கம் பிறப்பால் வந்தது. தன் பக்கம் ஏன் சரி என்று அவன் காட்ட வேண்டியதில்லை. கொம்பு முறிந்த மறுநாள் வடசேரியும் தென்சேரியும் ஒரே அம்மன் வாசலில் நிற்பர். விளையாட்டு அங்கே முடிந்தது. தேர்தல் விளையாட்டு அன்று. அதன் முடிவு அரிசி விலையிலும் வலை விலையிலும் ஐந்தாண்டு நீடிக்கும். நம் பக்கத்தை நாம் ஆய்ந்து தேர்ந்தோம் என்றால், அதன் விளம்பரத்தையும் ஆய்ந்தே ஏற்க வேண்டும். எதிராளியின் சுவரொட்டியை ஆராய ஆயிரம் பேர் உண்டு. நம் சுவரொட்டியை ஆராய நம்மைவிட்டால் யார்?

நவம்பர் 11-ஆம் திகதி நள்ளிரவோடு பிரசாரம் ஓய்ந்தது. 14-ஆம் திகதி மக்கள் வாக்களித்தனர். நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களுள் 21-இல் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றது. மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனங்களைக் கொடுத்துத் தனித்து நின்றது. எமது காணொளியோ எமது திருத்தமோ அந்த முடிவில் ஓர் அணுவையேனும் அசைத்திருக்கும் என்று நாம் கருதவில்லை. அசைத்தது ஒரு தோணியை மட்டும். பொய் சென்ற வீடுகளுக்கெல்லாம் திருத்தம் செல்லவில்லை என்பதையும் பின்னர் அறிந்தோம். மாணவனின் மாமா ஒருநாள் வந்து, கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஆனால் தோணியில் இன்னும் ஏறவில்லையாம்.

2025 பெப்ரவரியில் சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டி வந்தது. உலகக் கிண்ணத்தில் முதல் எட்டு இடங்களுக்குள் வராமையால் இலங்கை அணிக்கு அதில் இடமில்லை. நண்பர் கொப்பியில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்தார். பற்றுக் கொள்ள எமக்கென ஓர் அணி இல்லாமல், கணக்கைப் பார்த்துப் பதினொருவரை முதன்முறையாகத் தேர்ந்தோம். அப்போதும் தோற்றோம். தேநீர் வாங்கிக் கொடுத்தோம். அந்த மாணவனையும் அழைத்து ஒரு கோப்பை கொடுத்தோம். அவன் வாங்கிக்கொண்டான், ஆனால் நாம் அனுப்பும் செய்திகளை இப்போதெல்லாம் அவன் இன்னொருவரிடமும் கேட்டே நம்புகிறானாம். அவன் ஆசிரியர் என்ற முறையில் அதில் எமக்கு வருத்தமும் உண்டு; மகிழ்ச்சியும் உண்டு.